முருங்கையிலைக் கஷாயத்தின் மானம்

மல்கிரேவ் ஆய்வுக்கூட வாசலில் மழைக்கு ஒதுங்கிய கஜந்தியின் காதில் அந்தப் பேச்சு நெருப்பாய் விழுந்தது.

"ஞானசேகரம் வைத்தியரோட முருங்கையிலைக் கஷாயமா? வீக்கத்துக்கு ஒண்ணும் செய்யலங்க... வெறும் பச்சைத் தண்ணி. சோதிக்கச் சொன்ன தமிழ்ச் சங்கத்துக்கு நாளைக்கே ரிப்போர்ட் அனுப்பிடறேன்."

போனை வைத்துத் திரும்பியவனின் கண்கள் அழகாயிருந்தன. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது அவளுக்கு. அந்த அறிக்கையைச் சங்கத்துச் சபையில் வாசித்தால் அப்பா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

"நான் அந்த வைத்தியரின்ர மகள். மூண்டு தலைமுறை மருந்து உங்களுக்குப் பச்சைத் தண்ணியோ?"

"ஐயோ... நான் சித்தார்த். கிண்ணத்துல வளர்த்த உடல் செல்லுல போட்டுப் பார்த்தேங்க. வீக்கத்தைத் தூண்டுற சிக்னல் குறையவே இல்ல."

"எப்பிடிக் குறையும்? நானும் கெமிஸ்ட்ரி படிச்சனான். இலையில இருக்கிற குவெர்செட்டின் எண்ட மருந்துப் பொருளோட சர்க்கரை ஒட்டியிருக்கு. அந்தப் பெரிய உருவம் லேசில செல்லுக்குள்ள போகாது. மனுசன் குடிச்சால் குடலில சர்க்கரை கழண்டுபோகும். உங்கட கிண்ணத்துக்குக் குடல் இருக்கோ?"

அவன் ஒப்புக்கொண்டான். "இல்ல."

"அப்ப சர்க்கரையை வெட்டிப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ. பிறகு கதையுங்கோ!"

பரம்பரையைப் பழித்தவனோடு ஒரே கூரையின்கீழ் நிற்பதா? கொட்டும் மழையில் இறங்கி விறுவிறுவென நடந்தாள்.

பத்து நாள் கழித்து, நோபல் பார்க் புறநகரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவன் நின்றிருந்தான். ஞானசேகரம் அவனை இருக்கச் சொல்லவில்லை.

"பச்சைத் தண்ணி எண்டு சொன்ன தம்பி நீரோ?"

"தப்பு என்னோடதுதான் அங்கிள். என்சைம் போட்டுச் சர்க்கரையை எடுத்தேன். சிக்னல் பாதியாக் குறைஞ்சிடுச்சு. ஆனா அது கிண்ணத்துலதான். குடிச்சா முழங்கால் வீக்கம் வத்தும்னு எழுத மாட்டேன்."

கஜந்தி கதவோரம் வந்து நின்றாள். பெரியவர் ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"உள்ளதைக் கூட்டி எழுதியிருந்தால் வெளியில அனுப்பியிருப்பன். கதிரையில இரும்."

உட்கார்ந்தவன் உடனே எழுந்தான். "இன்னொண்ணும் இருக்கு அங்கிள். ஒளிச்சு வைக்கிற விஷயமில்ல... எனக்கு உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு."

"அதை முதல்ல என்னட்டையல்லோ கேட்டிருக்கோணும்!" சீறினாள் கஜந்தி.

"கேட்டிருந்தா...?"

அவள் முகம் சிவந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

"ஓம், சம்மதம் எண்டிருப்பன்!"