பச்சை மைக் கையெழுத்து

ட்ரிங்... ட்ரிங்...!

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் போன் அலறியது.

எடுத்தவர் விஜிலன்ஸ் இன்ஸ்பெக்டர் குருமூர்த்தி. பதினெட்டு வருடமாகக் கள்ளக் கையெழுத்துகளைப் பிடிப்பவர். பெரிய ஆபீசர் ஆகாமலே பச்சை மையில் கையெழுத்துப் போடுபவர்.

நம் துப்பறியும் சிங்கம் இவர்தான். வேறு கிடைக்கவில்லை... மன்னிக்கவும்!

"டாக்டர் விஜயலக்ஷ்மி பேசறேன். பெஹாலா நர்சிங் ஹோம்லேர்ந்து. உங்க மிஸஸுக்கு ஆபரேஷன் முடிஞ்சுடுத்து."

"ஆபரேஷனா? யாரைக் கேட்டுப் பண்ணேள்?"

"உங்களைத்தான்! பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேளே!"

ரிசீவர் நழுவியது.

அவர் போடவில்லை!

நாலு வருடமாக மாதம் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள் மனைவி நாகலக்ஷ்மி. போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது.

"அதான் ஒண்ணுமில்லேன்னு எழுதியிருக்கானே... எதுக்குக் கத்தி?" என்று டாக்டர் கொடுத்த ஆபரேஷன் சம்மதப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் சாட்சாத் இவர்தான்.

கேஸ் க்ளோஸ்!

"ஜல்தி தாதா... ஜல்தி!" என்று டாக்ஸிக்கார அண்ணனை விரட்டினார்.

டாக்ஸி தாராதலாவில் மாட்டிக்கொண்டது. போலிக் கையெழுத்து யாருடையது? மச்சினன் பட்டாபியா? நர்சிங் ஹோம் கிளார்க்கா? ஜாம் நீள நீள, டாக்ஸிக்காரன் மேல்கூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

நர்சிங் ஹோமில் டாக்டர் பாரத்தை நீட்டினாள்.

பச்சை மை!

திங்கட்கிழமை காணாமல் போன அவர் பேனா! அதற்காகப் பியூன் உத்தமனுக்கு மெமோ கொடுத்திருந்தார். திருடி வீட்டிலேயே இருந்திருக்கிறாள்...

"தொப்புள்கிட்ட சின்னத் துளை போட்டு, லாப்ராஸ்கோப் விட்டுப் பாத்தேன்," என்றாள் டாக்டர். "கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கற மாதிரி திசு வெளியில ஒட்டிண்டிருக்கு. கறுப்புக் கறுப்பா புள்ளி. எண்டோமெட்ரியோசிஸ்."

"ஸ்கேன்ல வரலையே?"

"பெரிய கட்டின்னா ஸ்கேன்ல தெரியும். மெலிசா படிஞ்சிருந்தா தெரியாது. ஸ்கேன் சுத்தமா இருந்தா வியாதியே இல்லேன்னு ஆயிடுமா?"

கட்டிலில் நாகலக்ஷ்மி கண் திறந்தாள்.

"ஏன்னா... தினம் சாப்பிடறச்சே என்ன சொல்வேள்?"

குருமூர்த்தி ஒப்பித்தார்.

"பேப்பர்ல எல்லாம் சரியா இருந்தா... அன்னிக்கே குடோனைத் தெறந்து பாக்கணும்னு..."

"என் வயத்துக்கு மட்டும் பேப்பரே போறுமா? நடிக்கறேன்னுதானே நெனச்சேள்?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வருட அலறலை ஒரு காகிதத்தை நம்பி மூடி வைத்திருக்கிறாரே!

"அடுத்த வாரம் அந்தத் திசுவை எடுத்துடலாம்," என்றாள் டாக்டர் இன்னொரு பாரத்தோடு. "இதுலயும் கையெழுத்து."

தலையணைக்கடியிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள் நாகலக்ஷ்மி. வாங்கிக் கிறுக்கினார்.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"ஒத்துப் போகலையே! ஒண்ணு போலி. போலீசுக்குச் சொல்லணும்... எது உங்களோடது?"

நாகலக்ஷ்மியின் முகம் வெளிறியது. புருஷனையே பார்த்தாள்.

பதினெட்டு வருட சர்வீஸ். ஒரு கள்ளக் கையெழுத்தைக்கூட விட்டதில்லை!

விரலை நீட்டினார்.

"முதல் பாரத்துல இருக்கறதுதான் என்னோடது."

"அப்போ இது?"

"அதுதான் போலி, டாக்டர். நானே போட்டேன்!"