பெயர் இல்லாத இரண்டு மேப்பிள்கள்

டிசம்பர் 28. இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்த கயானோ, ‘சின்ன’ என்ற சொல்லை அடித்தாள். அவசரத்தில் கோடு வளைந்துபோனது.

புத்தாண்டுக்குள் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். அதனால், அப்பாவின் நாற்றுப் பண்ணையிலிருந்து நாளை லாரியில் ஏறப்போகும் ஐந்து வகை மேப்பிள் மரங்களின் பெயர் அட்டைகளையும் கழற்றிக் கழுவினாள். தொட்டிகளில் கிடந்த காய்ந்த இலைகளையும் ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்தாள். இப்போது அட்டைகள் பளபளக்கின்றன. எது எந்த மரத்துடையது என்றுதான் தெரியவில்லை.

மணி நாலரை. அப்பா ஐந்து மணிக்கு வந்துவிடுவார்.

“செத்தே நீ!” என்றான் தம்பி தோமோ. “ஹராகுச்சி அம்மா அந்த ஓசகசுகி மேப்பிளுக்காக மூணு வருஷமா காத்திருக்காங்க. மாத்திக் குடுத்தா, இனிமே நம்மகிட்ட யாரும் மரமே வாங்க மாட்டாங்க.”

கயானோ அட்டைகளை வரிசையாக அடுக்கினாள். பெயர் வைத்தவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள்?

சங்கோகக்கு என்றால் பவளக் கோபுரம். ஒரு மரத்தின் கிளைகள் மட்டும் பவளம்போல் சிவந்திருந்தன. அதில் அட்டையைக் கட்டினாள். அரகாவா, சொரசொரப்பான பட்டை. அதைக் கண்ணை மூடித் தடவியே கண்டுபிடித்தாள். ஷிஷிகஷிரா, சிங்கத் தலை. ஒரு மரத்தின் உச்சியில் சுருண்ட இலைகள் இன்னும் உதிராமல் பிடரிமயிர்போல் நின்றன.

“குளிக்காத சிங்கம்!” என்றான் தோமோ.

மிச்சம் இரண்டு. ஓசகசுகி, பெரிய கிண்ணம். உகிகுமோ, மிதக்கும் மேகம். இரண்டுமே இலையைப் பார்த்து வைத்த பெயர்கள். இரண்டு மரத்திலும் ஓர் இலைகூட இல்லை.

“ஏதாவது ஒண்ணுல கட்டிடுக்கா. ஏப்ரல் வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

அட்டையைக் கிளைவரை கொண்டுபோனாள். கிண்ணத்துக்குப் பதில் மேகம் துளிர்ப்பதைப் பார்த்து நிற்கும் ஹராகுச்சி அம்மாவின் முகம் கண்ணில் வந்தது. கை தானாகக் கீழே இறங்கியது.

வாசலில் வண்டிச் சத்தம். அப்பா வண்டிக் கதவைத் திறந்ததுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“மூணு மரத்துக்குப் பேர் கண்டுபிடிச்சுட்டேம்ப்பா. இது ரெண்டும் தெரியல. குத்துமதிப்பா கட்ட பயமா இருக்கு.”

அப்பா இரண்டு மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டையைத் தடவிப் பார்த்தார்.

“எனக்கும் அடிச்சுச் சொல்ல முடியல” என்றார் கடைசியில். “நல்லவேளை, கட்டாம விட்டே. இது ரெண்டும் நாளைக்கு லாரி ஏறாது. சரி, ஹராகுச்சி அம்மாகிட்ட யார் சொல்றது?”

தோமோ மெல்ல நழுவினான்.

“நான்” என்றாள் கயானோ.

நாட்குறிப்பை மறுபடியும் திறந்தாள். இம்முறை எந்தச் சொல்லையும் அடிக்கவில்லை.

நாளை: இரண்டு மரத்திலும் ‘இலை வந்ததும் பெயர்’ என்று எழுதிக் கட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு ஹராகுச்சி அம்மாவுக்கு நானே போன் செய்ய வேண்டும்.