மஞ்சள் வைத்த வரைபடம்

செங்கமலத்தின் முத்திரை விழுந்தால் போதும், திருவாரூரில் வரைந்த கட்டடம் பதினோரு நாடுகளில் எழுந்து நிற்கும். அவர் பகிர்வாளர். கட்டுமானக் காகிதங்களைத் துலக்கி என்ற எந்திரத்தில் கொடுத்து, டீக்கறை, கைபேசி எண், ஓரத்தில் யாரையோ திட்டி எழுதிய வரி எல்லாவற்றையும் நீக்கிப் பொதுப்பெட்டகத்தில் ஏற்றுவார். வேண்டிய ஊர்கள் எடுத்துக்கொள்ளும். கட்டுவான் என்ற எந்திரங்கள் மூன்றே நாளில் கட்டி முடித்துவிடும். கட்டுவான் கேள்வி கேட்காது. காகிதத்தில் இருப்பதுதான் எழும்பும்.

அதனால்தான் அந்தப் படங்களை அவர் மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். புயல் காப்பகம் கட்டிய ஊர்கள் அனுப்பிய படங்கள் அவை. எல்லாக் காப்பகங்களிலும் நான்கு மூலைகளுக்கு வெளியே நான்கு தடித்த தூண்கள் நின்றன. எதையும் தாங்காமல் சும்மா நின்றன.

மூல வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் பொட்டு. பூமி பூஜையன்று மேஸ்திரி மாசிலாமணி மோதிர விரலால் வைத்தது. துலக்கிக்கு டீக்கறை தெரியும், மஞ்சள் தெரியாது. அதன் பட்டியலில் மஞ்சள் நிறம் என்றால் கான்கிரீட். செங்கமலம் அன்றே பார்த்தார்தான். பூஜை மஞ்சளைத் துடைக்க மனம் வரவில்லை.

பிழையை ஏற்றியவரின் முத்திரை பறிக்கப்படும். பதினேழு வருட வேலை. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் பெட்டகத்தை ஆளும் மன்றத்துக்கு எழுத உட்கார்ந்தார்.

"எம் பேர எழுதுங்க மேடம், வெச்சது நான்தானே" என்றார் மாசிலாமணி.

"பாத்தும் விட்டது நான் மேஸ்திரி."

மன்றத்தின் பதிலுக்கு முன்னால், காப்பகம் கட்டிய ஒரு தீவைப் புயல் அடித்தது. கடல் பொங்கி மீன்பிடிப் படகுகளைத் தூக்கிக் காப்பகத்தின் மேல் எறிந்தது. நான்கு தூண்களும் அத்தனை படகுகளையும் வாங்கிக்கொண்டன. சுவரில் ஒரு கீறல் இல்லை. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பாதிப்பேர் குழந்தைகள். 'அந்தத் தூண்களை வரைந்த கைகளுக்கு எங்கள் நன்றி' என்று தீவிலிருந்து கடிதம் வந்தது. செங்கமலம் அதை மாசிலாமணிக்கு வாசித்துக் காட்டினார்.

மாசிலாமணி கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். "சாமிக்குன்னுதான் வெச்சேன். அது அந்தப் புள்ளைங்களுக்குப் போயிருக்கு. எந்த ஊருன்னே தெரியாது, நல்லா இருக்கட்டும்."

மன்றம் முத்திரையைப் பறிக்கவில்லை. நன்றி சொன்னது. கூடவே ஒரு சட்டமும் போட்டது. இனி உலகில் எந்தக் காப்பக வரைபடமானாலும் நான்கு மூலையில் மஞ்சள் கட்டாயம். பொட்டு எவ்வளவு பெரியது என்பதற்கு முதன்முதலில் வைத்தவரின் விரலே அளவு. அந்த அளவை எடுக்க அளவி என்ற சிறு எந்திரம் வந்து இறங்கியது.

மாசிலாமணி கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பெருமையோடு மோதிர விரலில் மஞ்சளைத் தொட்டு அளவியின் மேல் வைத்தார். அளவி காட்டியது: பதினொரு மில்லிமீட்டர். மூல வரைபடத்தின் பொட்டு பத்தொன்பது. இந்த அளவில் கட்டினால் தூண் பாதிக்குச் சற்று மேல்தான் தடிக்கும். படகு மோதினால் ஒடிந்துவிடும்.

"அன்னைக்கு சென்டரிங் பலகையில நசுங்கி இந்த வெரல் வீங்கிக் கெடந்துச்சு மேடம்" என்றார் மாசிலாமணி மெதுவாக.

செங்கமலம் அவசரமாக விளக்கம் எழுதி அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'விளக்கங்கள் ஏற்கப்படுவதில்லை. விரல் மட்டுமே சான்று. அளவி மாலை ஐந்து மணிக்குத் திரும்பும்.'

மணி நாலே கால். மாசிலாமணி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தீவுக் கடிதத்தைப் பார்த்தார்.

"அந்தப் பலகை சைட்லதான் கெடக்கு மேடம்" என்று எழுந்தார். "எடுத்துட்டு வரேன்."