பின்சீட்டில் வைத்த மொய்

கணக்கில் ஐம்பது கிலோ இடித்தது. நீரஜா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தொழிலில் கணக்கு என்றால் இடிக்கத்தான் செய்யும், இடிக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடையாறில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது அவள் அலுவலகம். ஓடும்போது காரின் உடம்பு எப்படி அதிரும் என்று கணிப்பொறியில் கணக்குப் போட்டுக் கார் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். முழுக் காரையும் அப்படியே கணிப்பொறிக்குள் கொண்டுவந்தால் லட்சக்கணக்கான கட்டங்கள் ஆகிவிடும். ஒரு விடைக்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். நீரஜா அதைச் சுருக்குபவள். கதவுத் தூணுக்கு ஒரு குச்சி, கூரை விளிம்புக்கு ஒரு குச்சி, தரைக்குச் சில தகடுகள், குச்சியும் குச்சியும் சேருமிடத்தில் ஒரு சுருள்வில். சில நூறு துண்டுகளில் ஒரு கார் தயார். பார்க்கப் பந்தல்காரன் பாதியில் விட்டுப்போன பந்தல் மாதிரி இருக்கும், ஆனால் விடை நொடியில் வந்து விழும்.

இந்த முறை சோதனைக்கு எடுத்தது அவளுடைய காரையேதான். அதற்கென்று தனியாக ஒரு வண்டி வாங்க முதலாளி ஸ்ரீரங்கனுக்கு மனசு வரவில்லை. நீரஜாவும் அவள் கணவன் அசோகனும் போன மாதம் ராயப்பேட்டையில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதையே கேட்டு வாங்கி, தரைவிரிப்புக்கு அடியில் சென்சார்களை ஒட்டி, மாமரத்தடியில் நிறுத்தி, டெக்னீஷியன் முனியனை ரப்பர் முனை வைத்த சுத்தியலால் தட்டச் சொன்னார்கள். காலிக் குடத்தைத் தட்டினால் கணீரென்று கேட்கும், தண்ணீர் இருந்தால் மொத்தென்று கேட்கும். நீரஜாவின் குச்சிக் கார் கணீரென்றது. நிஜக் கார் மொத்தென்றது.

இப்படி இடித்தால் எங்கேயாவது கொஞ்சம் எடையைச் சேர்த்து ஒப்பேற்றுவது வழக்கம். அந்த அலுவலகத்தில் அதற்கு மொய் வைப்பது என்று பெயர். மெத்தை, விரிப்பு, ஒயர் என்று மாடலில் விட்டுப்போன சாமான்களுக்கெல்லாம் அதுதான் ஈடு. மொய்யைத் தரை முழுக்கப் பரப்பி வைப்பதுதான் மரியாதை. நீரஜாவுக்கு அன்று பொறுமை இல்லை. திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், வெளியே மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ஐம்பது கிலோவையும் ஒரே புள்ளியில், இடது பின்சீட்டில் போட்டாள்.

எல்லாம் ஒத்துப்போயிற்று. முறுக்கு, வளைவு, கூரையின் நடுக்கம், ஒன்று விடாமல். நூற்றுக்கு ஐந்துதான் பிசகியது என்றாலே கைகுலுக்குகிற தொழில் அது. இங்கே பிசகே இல்லை. எடையைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திப் பார்த்தாள், எல்லாம் கலைந்தது. திரும்ப இடது பின்சீட்டில் வைத்தாள். பொருந்தி உட்கார்ந்தது. ஸ்ரீரங்கன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அமோகமா ஒத்துப்போறதேம்மா. இனிமே கை வைக்காதே, அப்படியே விட்டுடு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. பின்சீட்டில் ஏதாவது மூட்டை கிடக்கிறதா என்று முனியனுக்குப் போன் செய்தாள்.

"காலியாத்தான் கீது மேடம். நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். மாமரத்து இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கூரைத் தகட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாசனையும், அதற்கும் அடியில் யாரோ நெடுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அறையின் புழுக்கமும் முகத்தில் அடித்தன. சீட்டில் ஒன்றுமில்லை. நடுவில் லேசாகக் குழிந்திருந்தது, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்த மழைக்குளிரில் ரெக்ஸின் சில்லென்று இருந்திருக்க வேண்டும். கதகதப்பாக இருந்தது. ஆள் எழுந்துபோன பஸ் சீட்டின் சூடு.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது, குடையோடு அசோகன் வாசலில் நின்றிருந்தான். தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவன், அன்று அவனுக்கு வார விடுமுறை. மழையால் மயிலாப்பூரில் மகள் ஸ்நேஹாவின் பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்களாம், வேன் வராதாம், குழந்தைகளை வந்து அழைத்துப்போகச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறதாம். சாவிக்குக் கை நீட்டினான்.

ஸ்நேஹா இரண்டாம் வகுப்பு. அவள் காரில் உட்காரும் இடம் இடது பின்சீட்டு. அது நீரஜா போட்ட சட்டம். ஒருமுறை சிக்னலில் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் பார்த்தாள் என்பதற்காக, உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி அந்தக் கதவுக்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தாள்.

"வண்டி வேணாங்க. ஆட்டோவில போயிட்டு வந்துடுங்களேன்."

"இந்த மழையில எந்த ஆட்டோக்காரன் வருவான்? வந்தா சொத்தையே எழுதிக் கேப்பான். ஏன், வண்டிக்கு என்ன?"

என்ன சொல்வது? ஐம்பது கிலோ உதைக்கிறது என்றா, சீட்டு சூடாக இருக்கிறது என்றா? படித்த பெண், பன்னிரண்டு வருஷ அனுபவம். கணக்கு கொஞ்சம் சரியில்லை என்று முணுமுணுத்தாள். கணக்குதானே, வண்டி சரியாகத்தானே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அவன் சாவியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். வண்டி வாசலில் திரும்பியபோது அதன் இடது பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாடிக்கு ஓடினாள். திங்கட்கிழமை காட்டுவதற்கென்று அவள் எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. சாலையின் பள்ளமும் மேடும் காரைத் தட்டும், சென்சார்கள் அதைக் கேட்டுச் சிம்கார்டு வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும், எந்தச் சீட்டில் எத்தனை கிலோ இருக்கிறது என்று குச்சிக் கார் உடனுக்குடன் சொல்லும். எடை இருக்கும் இடத்தில் ஒரு நீல வட்டம் வரும், எடைக்குத் தக்க அளவில். முதல் வேலையாகத் தான் வைத்த மொய்யை எடுத்தாள். இடது பின்சீட்டை வெறுமையாக்கிவிட்டு ஓடவிட்டாள்.

ஓட்டுநர் சீட்டில் ஒரு வட்டம் வந்தது. அசோகன். அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. ஏசியின் உறுமலும், ஜன்னல் தகரத்தில் மழை விழும் சத்தமும், எங்கோ யுபிஎஸ் ஒன்று விட்டுவிட்டுக் கூவுவதும் அப்போதுதான் அவள் காதில் விழுந்தன. தன்னை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. கார் அடையாறு பாலத்தில் ஏறி, இணைப்புத் தகடுகளின் மேல் தடதடவென்று போனபோது, இடது பின்சீட்டில் ஒரு புள்ளி தோன்றியது. பெருத்தது. வட்டமாயிற்று. நின்றது.

ஐம்பது.

ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். சென்சார் நனைந்திருக்கும், ஈரத்தில் இதெல்லாம் சகஜம், பதறாதே என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வட்டம் நகர்ந்தது. சீட்டின் மறு ஓரத்துக்கு வந்து, அசோகனுக்கு நேர் பின்னால் நின்றது. மூட்டை உருளும், உருண்டால் ஆடும். இது ஆடவில்லை. நிதானமாக நகர்ந்து உட்கார்ந்தது. ஸ்ரீரங்கன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அசோகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தான், வைப்பரின் சத்தம் கிரீச் கிரீச்சென்று கேட்டது. வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டானா என்று கேட்டாள். யாரை ஏற்றப்போகிறேன் என்றான்.

"பின்னாடி பாருங்க."

"கண்ணாடியில தெரியுதே. ஒண்ணுமில்ல. உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிவிடச் சொன்னாள். குழந்தை மழையில் நிற்பாள் நீரஜா, என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. முனியனைப் பைக்கில் அனுப்பினாள். பாலத்தின் இந்தப் பக்கமே தண்ணீர் தேங்கி எல்லாம் நின்றுவிட்டது, எறும்புகூடப் போக முடியாது என்று அவன் போன் செய்தான். பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எல்லா அம்மாக்களும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கார் நின்றது. என்ஜின் மட்டும் ஓடியது, அந்த நடுக்கமே குச்சிக் காருக்குப் போதும். இடது பின்பக்கம் லேசாக அதிர்ந்தது. கதவைத் திறந்திருப்பான். பெரிய வட்டம் அதற்கு முன்பே அந்தச் சீட்டை விட்டு வலது ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது, இடம் விடுகிற மாதிரி. இடது பின்சீட்டில் ஒரு சின்ன வட்டம் வந்தது. பத்தொன்பது. போன வாரம் டாக்டரிடம் காட்டியபோது எடை மெஷினில் பார்த்த அதே பத்தொன்பது. திரையின் மேல் நீரஜா விரலை வைத்தாள். குழந்தை விரல்நுனி அளவுதான் இருந்தாள்.

மீண்டும் அதிர்வு. கதவைச் சாத்திவிட்டான். இனி உள்ளேயிருந்து திறக்காது.

கார் நகர்ந்தது. பெரிய வட்டமும் நகர்ந்தது. சீட்டின் நடுவுக்கு. இன்னும் கொஞ்சம். நீரஜா போனை எடுத்தாள். எண்கள் கண்ணில் கலங்கின. மணி அடித்தது. அடித்தது. எடுத்தான்.

"ஏறிட்டா. வந்துட்டிருக்கோம்."

"அவளை முன்னாடி உட்கார வைங்க. இப்பவே. நிறுத்தி."

"முன்னாடி உட்காரவே கூடாதுன்னு நீதானே சொன்ன?"

பின்னாலிருந்து ஸ்நேஹாவின் குரல் வந்தது, சன்னமாக, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி.

"அம்மா, நான் பெல்ட் போடலை."

"போட்டுக்கோ கண்ணா. சீக்கிரம் போட்டுக்கோ."

"வேணாம்மா. பிடிச்சிருக்காங்க."

ஹாரன் சத்தம். மழை. அசோகன் யாரையோ திட்டினான், குழந்தை சொன்னது அவன் காதில் விழவில்லை. நீரஜா கத்தினாள். லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்ப. வெளியே.

திரையில் இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பிறகு பெரியது சின்னதின் மேல் ஏறியது. நீலத்துக்குள் நீலம். சின்னதின் விளிம்பு கொஞ்ச நேரம் தெரிந்தது. மெலிந்தது. தெரியவில்லை. இடது பின்சீட்டில் ஒரே வட்டம். அறுபத்தொன்பது. ஒரு கிலோகூடக் குறையவில்லை.

அவளிடம் அந்தக் காரின் ஒவ்வொரு குச்சியும் இருந்தது. எந்தக் குச்சியையும் அழிக்கலாம், எந்த எடையையும் எடுக்கலாம், கூரையையே கழற்றி வைக்கலாம். திரைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த காரின் கதவு ஒன்றைத் திறக்க அவளால் முடியவில்லை. யார் என்றே தெரியாத ஒன்றுக்குச் சீட்டுப் பார்த்துக் கொடுத்தது நான்தான், நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிகளில் இறங்கினாள். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கார் வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் திரும்பியது. மழை தூறலாகியிருந்தது. சாயங்காலம்தான், ஆனால் தெருவிளக்கு எரியவில்லை. இடது பின்சக்கரத்தின் மேல் உடம்பு அப்படியே படிந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் டயரோடு உரசி உரசி வந்தது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய ஈர மண்ணோரம் நின்றது. அசோகன் இறங்கி, குடையை விரித்து, சுற்றிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தான். அவன் முகத்தில் எரிச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

ஸ்நேஹா இறங்கினாள். அவள் கால் மண்ணில் பட்டதும், காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்ட மாதிரி மெல்ல மேலே எழும்பி நின்றது. நீரஜா உள்ளே பார்த்தாள். சீட்டு காலியாக இருந்தது. குழிவுகூட இல்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெட்டைப் பின்னல், வாட்டர் பாட்டில், கன்னத்தில் காய்ந்த மைக்கறை, எல்லாம் அவளுடையது. அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"தூக்கும்மா."

நீரஜா குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. முழங்காலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு விண்ணென்று தெறிக்க இன்னொரு தடவை தூக்கினாள். குழந்தை அசையவில்லை. ஏன் அழுகிறாய் என்று மேலேயிருந்து அசோகன் கேட்டான், கேட்டுக்கொண்டே குடையை இருவருக்கும் பிடித்தான்.

"தூக்கும்மா" என்றாள் ஸ்நேஹா, சிரித்தபடியே. அவளுடைய கறுப்பு ஷூ இரண்டும் ஈர மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் அடிப்பாகம். பிறகு லேஸ். பிறகு வெள்ளைச் சாக்ஸ்.