வெட்டிப் போட்ட ஐந்து விநாடி

மழைக்கு ஒதுங்கினால் ஒதுங்கினோமா, மழை விட்டதும் போனோமா என்று இருக்க வேண்டும். இவன் என்னவென்றால் கடை வாசலில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொண்டு,

"இது வேகமா ஓடறதுங்க..." என்றான்.

தமிழ்செல்வி சட்டென்று நிமிர்ந்தாள்.

திருத்தணி பஜாரில் அவள் அப்பா கோதண்டத்தின் மைக் செட் கடை அது. கல்யாணம், கிருத்திகை என்றால் ஸ்பீக்கர் எல்லாம் வண்டியேறிவிடும். மற்ற நாளில் அவளும் ஒரு ரெக்கார்டு ப்ளேயரும்தான். நகரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது எடைக்குப் போட்ட நூறு வருஷத்து இசைத்தட்டுகளை வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கழுவி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கரகரப்பை எடுத்து, இணையத்தில் போடுவாள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட பாட்டுகள், யார் வேண்டுமானாலும் கேட்கட்டுமே!

"எது வேகம்?"

"பாட்டு. பாடறது சின்னப் பொண்ணு இல்லைங்க, பெரியவங்க."

இமையில் இரண்டு சொட்டு மழை நிற்க, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள். கையில் ஒரு வெல்லப் பை. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது அவளுக்கு. லேபிளைக் கரையான் தின்றுவிட்ட அந்தத் தட்டை, 'பேர் தெரியாத சிறுமி' என்று நேற்றுத்தான் போட்டிருந்தாள். என்ன ஒரு குழந்தைக் குரல் என்று இருநூறு பேர் உருகி எழுதியிருந்தார்கள்.

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்துதான், எல்லா ப்ளேட்டும். எனக்குத் தெரியாதா?"

"அந்தக் காலத்துல கம்பெனிக்கு ஒரு வேகம் வெச்சிருந்தா. நடுவுல ஒருத்தர் இருமறார், கேட்டேளா? மனுஷா இருமலா அது? சிட்டுக்குருவிக்கு ஜலதோஷம் பிடிச்சாப்பல இருக்கு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அப்படியே விழுங்கினாள்.

"நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"மலைமேல மடப்பள்ளி. சாமிக்கு சமைக்கறேன். வேலை முடிஞ்சா இந்த மாதிரி பாட்டுதான் காதுல."

"ஆங்... வெல்லப்பாகுக்குப் பதம் பாக்கறவரு, பாட்டுக்குப் பதம் பாக்க வந்துட்டாரா? மழை விட்டாச்சு, கெளம்புங்க."

மழை விடவே இல்லை. அவன் வெல்லப் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவள் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க... சிட்டுக்குருவி ஓர் ஆம்பளையாகி, தொண்டையைக் கனைத்து இருமியது. அதே நேரம் சிறுமியும் காணாமல் போனாள். ஒரு பெண் பாடினாள். நிறைய பார்த்து, நிறைய பொறுத்த பெண்ணின் கனத்த, கனிந்த குரல். அடி முடிந்ததும் அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது.

அப்போதுதான் தமிழ்செல்விக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. பாட்டு முடிந்ததும் கீச்சென்று ஏதோ ஓர் ஐந்து விநாடி வந்ததே! இரைச்சல் என்று நினைத்து அதை வெட்டிப் போட்டிருந்தாள். வெட்டாத மூலப் பதிவைத் தேடியெடுத்து, அதையும் மெதுவாக ஓடவிட்டாள்.

"நான்... நகரி ராஜாமணி."

வெளிநாட்டில் தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்று, பாட்டு முடியும்போது பாடினவர்களே அவசரமாகப் பேர் சொல்வது அந்த நாள் வழக்கம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் வெட்டியிருக்கிறாள். நூறு வருஷம் காத்திருந்து ஒருத்தி தன் பேரைச் சொன்னாள், நான் அதைக் குப்பையில் போட்டேனே... தமிழ்செல்வி அழுதேவிட்டாள்.

இணையத்தில் உடனே திருத்திவிட்டாள். திருத்த முடியாதது இன்னொன்று இருந்தது. மழையில் இறங்கிப் போனவனின் பேரைக்கூட அவள் கேட்கவில்லை.

போய்ச் சொன்னால் என்ன? ஊஹூம். நானா போகிறது? வரட்டுமே... இப்படியே ஒரு வாரம் ஓடியது.

"யாருக்கும்மா வாசலயே பாத்துகினு கீற?" என்றார் கோதண்டம்.

"மழை வருதான்னு பாக்கறேன் நைனா."

"வெயில் மண்டையப் பொளக்குது!" என்று சிரித்தவர், ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு ஒருத்தன் கொற சொன்னான்னியே, மடப்பள்ளிப் பையன்... மைக்கு ரிப்பேருக்கு மலைக்குப் போனப்பப் பாத்தேன். பெங்களூர்ல ஓட்டல் வேலையாம். நாளைக்குப் போறானாம்."

ராங்கி எல்லாம் அந்த நிமிஷமே போயிற்று. "கோயிலுக்கு ஒயர் குடுத்துட்டு வந்துடறேன் நைனா" என்று எழுந்து ஓடினாள். ஒயர் அவர் கையிலேயே இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறினாள். மூச்சிரைக்க மடப்பள்ளி ஜன்னலருகே போய் நின்றபோது, அவன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தான்.

வாசலில் இருந்த பெரியவர், "நைவேத்தியம் முடியற வரைக்கும் அவன் பேசப்படாதும்மா" என்றார்.

"பரவால்லீங்க... கேட்டா போதும்."

போனை ஜன்னல் கம்பியில் வைத்துப் பாட்டைப் போட்டாள். அந்த இருமல் வந்தது. அவன் கண்கள் சிரித்தன. கடைசியில் ராஜாமணி தன் பேரைச் சொன்னதும் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"அடி பிடிச்சுடும்டா!" என்றார் பெரியவர். கரண்டி மறுபடி ஓடியது.

"இந்தப் பேர நான் வெட்டிட்டேங்க. உங்களாலதான் கெடச்சுது. அன்னிக்கு உங்களத் தொரத்தினது தப்பு... அது மட்டுமில்ல." பேசாதே என்று கட்டிப்போட்ட ஒருவனிடம் எவ்வளவு சுலபமாகப் பேச வருகிறது! "அன்னீலேர்ந்து எந்தப் பாட்டப் போட்டாலும் நீங்க வாசல்ல நிக்கிறாப்பலயே கீது. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. பெங்களூருக்குப் போவாதீங்க... அவ்ளோதான்."

அவன் குனிந்த தலை நிமிராமல் கிளறிக்கொண்டே இருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. பெரியவர் பொங்கலை இறக்கி உள்ளே எடுத்துப் போனார். ஒரு யுகம் கழிந்த மாதிரி இருந்தது. அப்புறம் கோயில் மணி அடித்தது.

அவன் வாய்த்துணியை அவிழ்த்தான்.

"இந்த வாரத்துல எட்டு தடவ உங்க கடைத் தெருவுக்கு வெல்லம் வாங்க வந்தேன். உள்ள வரத்தான் தைரியம் இல்லை. ரெண்டு மாசத்துக்கு வேண்டிய வெல்லம் கிடக்கு. இத்தனையையும் விட்டுட்டு பெங்களூருக்கு எங்கேர்ந்து போறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் ஜன்னல் கம்பியருகே வந்து, குரலைத் தாழ்த்தி, பாடி முடித்தவர்கள் சொல்வதுபோல அவசரமாகச் சொன்னான்:

"நான்... திருத்தணி ஸ்ரீகண்டன். இதையாவது வெட்டிடாதீங்கோ."