தலைவர் உள்ளான் கலைத்த கதை

போரால் யாழ்ப்பாணத்துக்கு யூரியா வரத் தடை இருந்த காலம். கோப்பாய்க் கடல்நீரேரிக் கரையில் ஏரம்புவின் வயல் உவர் பிடித்து வெளுத்துக் கிடந்தது. இரண்டு வருடம் பயிரே இல்லை. இந்த முறை அவரும் மகள் அருந்ததியும் பூவரசங்குழையை இலையும் கொப்புமாக வெட்டி, வயல் முழுக்கப் பசளையாகப் புதைத்து, மண்ணைத் தேற்றப் பார்த்தார்கள். கையிலிருந்த கடைசி விதைநெல்லையும் விதைத்தார்கள்.

மழை பெய்தது. எங்கோ வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்த உள்ளான் பறவைகள் கூட்டமாக இறங்கி, நீண்ட மூக்கால் மண்ணைக் குத்தின.

கமக்காரர் சங்கத் தலைவர் மார்க்கண்டர் வந்தார். அவர் தும்மினாலும் அது சங்கத்தின் தீர்மானம்.

"ஏரம்பு, உதுகள் விதைநெல்லைத் தின்னுதுகள். குழை புதைச்சதாலைதான் வருதுகள். நாளைக்கு முழுக்கத் தோண்டி எறி. இண்டைக்கு நான் கலைச்சுக் காட்டுறன்."

அருந்ததி குழை வெட்டிக் காய்த்துப்போன தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

மார்க்கண்டர் மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒன்றைக் கவிழ்த்து, தடியால் ஓங்கி அடித்தார். மண்ணெண்ணெயும் வராத காலம். வெறும் பீப்பா நன்றாகவே முழங்கியது.

உள்ளான்கள் எழும்பி, ஒரு வட்டமடித்து, அதே இடத்தில் இறங்கின. ஊர்தான் எழும்பியது. எங்கோ எறிகணை, செல் விழுகிறதென்று குழந்தை, ஆடு, அடுப்பிலிருந்த கறிச்சட்டி என அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியது. ஊர் ஓடுவதைக் கண்ட மார்க்கண்டரும் தடியோடு ஓடினார். உள்ளே முதலில் விழுந்தவர் அவர்தான்.

அருந்ததி குழி வாசலில் குனிந்தாள். ஒன்றும் விழவில்லை, வெளியே வாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

"அப்ப என்ன சத்தம்?" என்று கேட்டார் தலைவர்.

அவள் தடியை மெல்ல வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"உங்கடை பீப்பாதான், பெரியையா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒருக்கா வயலுக்கு வாங்கோ."

வயலில், உள்ளான் குத்திய இடத்தைச் சிரட்டையால் கிளறினாள். விதைநெல் அப்படியே வெள்ளை முளை விட்டிருந்தது. அருகே கறுத்த மண்ணில் புழுக்கள் நெளிந்தன.

"போன வருசம் இதிலை ஒரு புழுவும் இல்லை. மண் தேறினது எங்களுக்கு முதல் உள்ளானுக்குத் தெரிஞ்சிட்டுது."

ஏரம்பு சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார்.

மார்க்கண்டர் தொண்டையைச் செருமினார். "குழை கிடக்கட்டும். நானும் இதைத்தானே சொல்ல வந்தனான்."

பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, உள்ளான்கள் எழும்பிவிடாதபடி, வரம்பில் நுனிக்காலால் நடந்து போனார்.