கலெக்டர் கிடாவின் தாடியில் பஞ்சு

பிரதீபா செருப்பைக் கழற்ற மறந்தே உள்ளே வந்தாள். அவள் கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பச்சைப் புட்டி இருந்தது. செங்கல்பட்டில் லோகநாயகியின் வீட்டுக்கு ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருவார்கள். குற்றவாளி யார் என்று தாங்களே முடிவு கட்டிவிட்டு, அதற்குச் சாட்சி கேட்டு வருவார்கள்.

"மேடம், சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்கு மேல ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

லோகநாயகி கால்நடை ஆய்வகத்தில் முப்பது வருஷம் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவர். ஈரல், கருப்பை, விரை என்று ஆடுமாடுகளின் திசுக்களைச் சீவிச் சீவிப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவசரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டு பிரிசில்லாவுக்கோ அதுதான் காலை நாஸ்தா. அவள் அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல உட்காரும்மா. என்ன நடந்தது?"

பிரதீபா சிறுசேரியில் பார்த்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தாள். இருபது பெட்டை ஆடுகள், ஒரே ஒரு கிடா. கிடா நடக்கிற மிடுக்கைப் பார்த்து அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பங்குனியிலிருந்து இந்த ஆனி வரை கலெக்டரோடு சேர்ந்த பதினொரு ஆடுகளில் ஒன்றுகூட அதனால் சினை பிடிக்கவில்லை.

"பங்குனி பிறந்ததும் வேண்டாவோட எனக்குச் சண்டை. மூணு வருஷமா ஆட்டைப் பாத்துக்கறவ. பொண்ணு பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டா. ஆடுங்க குட்டி போடற நேரம், முடியாதுன்னுட்டேன். 'எம் பொண்ணு வயித்தவிட உன் ஆட்டு வயிறு பெருசாப் பூடுச்சா, பாக்கலாம்'னா. அந்த மாசத்துலேர்ந்துதான் இப்படி. நேத்து அவ கட்டிலுக்கு அடியில இது இருந்தது. வேப்பெண்ணெய். இது ஆண் விந்தைக் கெடுக்கும்னு நெட்லயே போட்டிருக்கான்!"

"அக்கா, கேஸ் முடிஞ்சுது" என்றாள் பிரிசில்லா.

"பிறகு நான் எதுக்கு? வண்டியை எடு."

வேண்டா பண்ணைக் கொட்டகையை ஒட்டிய அறையில் குடியிருந்தாள். உள்ளே தொட்டிலில் மூன்று மாதப் பேத்தி அழுதது. வேண்டாவின் மகள் அதை ஆட்டிக்கொண்டே துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புகார் போனால் வேலையோடு வீடும் போய்விடும். அப்புறம் அந்தக் கரையோரத்தில் எவரும் வேண்டாவை ஆட்டுக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். பிரிசில்லா அந்தப் பையையே பார்த்தாள். கேஸ் முடிந்தது என்று தான் சொன்னதை நினைத்து வெட்கப்பட்டாள்.

"உண்ணிக்குத் தடவுற எண்ண பெரிம்மா அது. மூணு வருசமா எல்லா ஆட்டுக்கும் தடவிகினுதான் கீறேன்" என்றாள் வேண்டா. "கசப்பு. நாக்குல வெச்சா துப்பிடும். அத்த எப்டி துன்ன வெக்க முடியும்?"

லோகநாயகி கிடாவிடம் போனார். கண், ஈறு, குளம்பு எல்லாவற்றையும் பார்த்தார். நோயின் அடையாளமே இல்லை. உடம்பு எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. தாடியில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் பிரித்து எடுத்தார். பஞ்சு.

"தலையணையைக் கடிச்சிருக்கும்க்கா" என்றாள் பிரிசில்லா.

"கொட்டாய்ல ஏது தலவாணி?" என்றாள் வேண்டா.

தொட்டியில் காலையில் போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. லோகநாயகி அதைக் கிளறிப் பார்த்தார்.

"காலையில அவன் திங்கறதில்லை மேடம். பத்து மணிக்கு மேலதான் வாய் வைப்பான்" என்றாள் பிரதீபா.

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு அப்புறம்னு நினைக்கறேன். அதுக்கு என்ன இப்போ?"

"சும்மா கேட்டேன். பெட்டைங்க எப்படி வேண்டா?"

"பொட்டைங்க மேல கொற இல்ல. கலெக்டராண்ட ரெண்டு தபா வுட்டும் செனை நிக்காததுங்க ரெண்டு, சித்திரையில வேலி தாண்டி குப்பத்துக்கு ஓடிச்சு. அங்க கீற கிடாவோட சேந்துச்சுங்க. இப்ப ரெண்டும் செனை."

வேண்டா பிடித்துக்கொள்ள, லோகநாயகி கிடாவிடமிருந்து பரிசோதனைக்கு ஒரு துளி விந்து எடுத்தார். பிரிசில்லா அத்தனை நேரமும் கடல் பக்கம் திரும்பி நின்றாள். கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் லோகநாயகி வெகுநேரம் குனிந்திருந்தார். உயிரோடு நீந்தியவை சொற்பம். மற்றவற்றில் முக்கால்வாசிக்கு வால் நடுவில் ஒடிந்து மடங்கியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் தட்டில் டம்ளர்களோடு வந்தாள். பெயர் ரோகிணி. சொந்த ஊர் மதுரை. கணவன் பக்கத்திலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறான்.

"பருத்திப்பால்மா, குடிங்க. காலையில ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்குத் தினமும் போடுறேன். பொங்கல் முடிஞ்சு இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து நல்லாப் போகுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம்மா வேண்டாக்கா. அவங்க அப்படிச் செய்யவே மாட்டாங்க" என்றாள்.

கருப்பட்டியும் சுக்கும் மணந்தன. பிரிசில்லா இரண்டு டம்ளர் குடித்தாள். லோகநாயகி தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

நாலரை மணிக்குப் பிரதீபா மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். லோகநாயகி எல்லாரையும் கிடாவின் கொட்டடிக்கு முன்னால் வரச் சொன்னார்.

"ரோகிணி, காலையில இந்தப் பக்கம் கொண்டுவருவியே ஒரு வாளி, அதை எடுத்துட்டு வந்து ஒரு தட்டுத் தட்டும்மா."

ரோகிணி விழித்தாள். ஆனாலும் போய் எடுத்துவந்து தட்டினாள். மூலையில் படுத்திருந்த கலெக்டர் துள்ளி எழுந்து வேலிக்கு ஓடி, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக் கத்தியது.

"பிரதீபா, ஒரு விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆகும். பங்குனியில ஆடு சினை பிடிக்கலைன்னா கெடுதல் தையிலேயே ஆரம்பிச்சாச்சு. தையில உனக்கும் வேண்டாவுக்கும் சண்டையே இல்லை."

பிரதீபா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"தையிலதான் கிடா காலைத் தீவனத்தை விட்டான். மெலியவும் இல்லை. அப்ப வேற எங்கேயோ வயிறு நிறையுது. தாடியில பஞ்சு. ஆட்டுத் தீனியில பஞ்சு ஒட்டியிருக்கிறது ஒண்ணுலதான்."

"பருத்திக்கொட்டை!" என்று கத்தினாள் பிரிசில்லா.

"பால் பிழிஞ்ச சக்கைம்மா அது" என்றாள் ரோகிணி. "எங்க ஊருல ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை வச்சாத்தான் திமிலு ஏறும்பாங்க. கிடாவும் ஆம்பளதானே, தெம்பா இருக்கட்டும்னு தினமும் ஒரு வாளி... நான் ஆசையாத்தாம்மா வச்சேன்!"

"தெரியும். உன் ஊர்க் காளைக்கு மத்த தீனியோட அளவா வைப்பாங்க. அதோட உடம்பும் பெருசு. பருத்திக்கொட்டையில காசிபோல்னு ஒரு மஞ்சள் சரக்கு இருக்கு. பச்சையா, நிறைய, மாசக்கணக்கில உள்ளே போனா விரையைத்தான் தாக்கும். வெளியில பாத்தா மிடுக்கு குறையாது, உள்ளே வால் ஒடிஞ்சு கிடக்கும்."

"அக்கா, நான் ரெண்டு டம்ளர் குடிச்சேனே!"

"கொதிக்க வச்ச பால்ல அது பெரும்பாலும் கட்டுப்பட்டுடும். நீ பிழைச்சுக்குவே."

யாரும் சிரிக்கவில்லை. ரோகிணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வேண்டா போய் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கிடா பழையபடி ஆகுமா மேடம்?" என்று கேட்டாள் பிரதீபா.

"சக்கையை நிறுத்து. ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலும் சரியாகும். பொறுத்துப் பாக்கணும்."

பிரதீபா திரும்பினாள். "வேண்டா, இவங்க தினமும் போடறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பாத்துகினுதான் இருந்தேன். நல்ல தீனிதானேன்னு வுட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டியாம்மா? இன்னா வெசம் வெச்சேன்னு கேட்ட. யாரு தீனி போட்டான்னு கேக்கல."

வேண்டா அறைக்குள் போய்விட்டாள். லோகநாயகி நுண்ணோக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். அவருடைய வேலை முடிந்திருந்தது. அடுத்ததைச் செய்ய வேண்டியவள் பிரதீபா.

மணி ஐந்தைத் தாண்டியபோது பிரதீபா அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாகத் தினமும் அதன் அழுகையைக் கேட்டபடி இந்த வாசலைக் கடந்து போனவள்தான் அவள்.

"தப்புப் பண்ணிட்டேன் வேண்டா" என்றாள். "குழந்தைக்கு என்ன பேரு?"

வேண்டா பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். பை காலியான பிறகுதான் பேரைச் சொன்னாள்.